நாலே முக்கால் வோல்ட்

— இதோ, மறுபடியும் செத்துச்சு. பாத்தீங்களா லக்ஷ்மண் சார்? ஃபேன் சுத்துது, ஹீட்டர் ஆன் ஆவுது, டபக்குனு டிஸ்ப்ளே அணைஞ்சு திரும்ப முதல்லேர்ந்து வருது. இத்தப் போய் ஆஸ்பத்திரில பொறந்த கொழந்தைக்கு சூடு குடுக்கற மிஷின்ல மாட்டப் போறாங்களாம்!

— மாட்டச் சொல்லலையே விக்டோரியா மேடம். சால்டரிங் சரியில்லைன்னு எழுதி, டெஸ்டிங் இன்சார்ஜா நீங்க ஒரு கையெழுத்து போட்டுட்டா, இந்த லாட்டை ஒதுக்கிட்டு வேற ஆளை வச்சுப் பண்ணிக்கலாம். ப்ளான்ட் ஹெட் ராமபத்ரன் சார் ஃபோன் மேல ஃபோன் பண்றார்.

— போட்டா இன்னா ஆவும்னு தெரியுமா? சால்டரிங் வரிசைல குந்தினுகீற அத்தினி பொம்பளைங்களும் இன்னிக்கே வெளிய. அதுல என் தங்கச்சி ஹெலனும் ஒருத்தி. வர்ற மாசம் பர்மனன்ட் ஆவப்போறா. ஊட்ல புருஷன் கால ஒடச்சிகினு படுத்துகினு கீறான். நானே என் கையால அவ தலைல கல்லத் தூக்கிப் போடணுமா?

— தங்கைங்கறதுக்காக நியாயம் மாறுமா?

— மாறாது. அதான் காலைலேர்ந்து நாஷ்டா கூட துன்னாம இந்த சனியனோட மாரடிக்கறேன். தப்பு அவளுதுன்னு தெரிஞ்சா நானே எழுதறேன், நீ சொல்லவே வாணாம். தெரியலியே நைனா!

— தெரியாம என்ன? அடாப்டர் மாத்தியாச்சு. வயர் மாத்தியாச்சு. பக்கத்து இரும்பு ஃபேக்டரில உலை போடறச்சே நமக்கு கரன்ட் விழறதோன்னு ஜெனரேட்டர்லயும் ஓட்டிப் பாத்தாச்சு. அஞ்சு வோல்ட் வர வேண்டிய இடத்துல நாலே முக்கால்தான் வர்றது. ஹீட்டர் போடறச்சே இன்னும் கொஞ்சம் இறங்கறது, ப்ராசஸர் ரீசெட் ஆயிடறது. எங்கயோ சால்டர் சரியா ஒட்டலை, அங்க வோல்ட் தொலையறது. வேற என்ன இருக்க முடியும்?

— எல்லா போர்டுலயுமா ஒரே அளவு தொலையும்? ஒட்டாத சால்டர்னா ஒண்ணுல இவ்ளோ, இன்னொண்ணுல அவ்ளோன்னு காட்டும். இது எல்லாம் பேசி வச்சா மாதிரி நாலே முக்கால் காட்டுது.

— அப்போ என் டிசைன் தப்புங்கறேளா?

— நான் சொன்னேனா?

— அதோ, முதல் பீஸ் இருக்கே! அதுவும் இதே டிசைன்தானே? அதே பவர் சிப், அதே ரெசிஸ்டர். நானே உக்காந்து கையால சால்டர் பண்ணினேன். அசையாம அஞ்சு வோல்ட் காட்டறது, எத்தனை தடவை ஹீட்டர் போட்டாலும் நிக்கறது. அது ஓடறது, லைன்ல பண்ணினது ஓடலை. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

— அங்கதான் எனக்கும் மண்ட காயுது.

— ஃபோன் அடிக்கறது. அவர்தான்.

— அடிக்கட்டும் உடு.

— எடுக்காம எப்படி? சார்... ஆமாம் சார், பாத்துண்டே இருக்கோம்... இன்னும் போடலை சார்... வந்துண்டிருக்காளா? சரி சார், சரி சார்... வச்சுட்டார். கஸ்டமர்ஸ் மீஞ்சூர் தாண்டியாச்சாம். அவா வர்றதுக்குள்ள ரிப்போர்ட் வேணுமாம். போடுங்கோ மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— அந்த முதல் பீஸ இப்டித் தள்ளு.

— அதை எதுக்கு? அதைத் தொடப்படாது. அதை வச்சுத்தானே மத்ததெல்லாம் ஒத்துப் பாக்கறோம்.

— தொடக்கூடாதுன்னா, அது இன்னா சாமி செலையா? மிஷினுக்குள்ள ஹீட்டர் பக்கத்துல கெடந்து வேவப்போற போர்டு இது. லைன் போர்டு எல்லாத்தையும் சூடு காட்டி டெஸ்ட் பண்ணிட்டேன். இது மட்டும் மாப்பிள்ள மாதிரி ஏசில கவர் போட்டுகினு குந்தினுகீது. பிரி அந்தக் கவர. சுடுகாத்து காட்டறேன்.

— ரொம்பக் கிட்ட வேண்டாம் மேடம். மெதுவா, மெதுவா!

— நீ மீட்டரப் பாத்துச் சொல்லு.

— அஞ்சு... அஞ்சு... நாலு புள்ளி ஒம்பது... ஐயையோ, நிறுத்துங்கோ, இறங்கறது!

— நிறுத்திட்டேன். ஆறட்டும். ஆறுனா ஏறும்.

— ஏறலை.

— இரேன். அவசரப்பட்டா?

— தொட்டுப் பாருங்கோ, சில்லுன்னு ஆயிடுத்து. ஏறவே இல்லை. போச்சு! இருந்த ஒரே நல்ல போர்டையும் கொன்னுட்டேள்! நான் அவருக்கு என்ன பதில் சொல்லுவேன்?

— கத்தாத. எதுனா எரிஞ்சிருந்தா கருகின வாசன வரும். இதுல கமகமன்னு சந்தன வாசன இல்ல வருது?

— அது... நேத்து வெள்ளிக்கிழமை வச்சது.

— எங்க வச்ச?

— வழக்கமா வைக்கற இடம்தான். உங்களுக்குத் தெரியாதா? எந்த டிசைனா இருந்தாலும் முதல் பீஸுக்கு வெள்ளிக்கிழமை தவறாம சந்தனம் குங்குமம் வைக்கணும்னு ராமபத்ரன் சார் உத்தரவு. திருவள்ளூர்ல எங்காத்துலேர்ந்து நான்தான் கரைச்சு எடுத்துண்டு வரேன்.

— தெரியும். நானே வாசனையாகீதுன்னு கைல தடவிகினு போயிருக்கேன். போர்டுல எந்த எடத்துலன்னு கேக்கறேன்.

— இந்த மூலைல, பவர் சிப் பக்கத்துல. கொஞ்சம் காலி இடம் இருக்கேன்னு...

— காலி எடமா? கண்ணத் தொறந்து பாரு. கடுகு மாதிரி ரெண்டு ரெசிஸ்டர் குந்தினுகீது. வெளிய எத்தினி வோல்ட் போவுதுன்னு சிப்புக்கு சேதி சொல்றதே அந்த ரெண்டும்தான்.

— இருங்கோ, இருங்கோ. ஈரச் சந்தனம். கவர்ல காயாமயே இருந்திருக்கு. அது வழியா துளித்துளியா கரன்ட் போயிருக்கும். வோல்ட் கம்மியாப் போறதுன்னு சிப் ஏமாந்து, தானாவே கூட்டிக் கொடுத்திருக்கு. பெருமாளே!

— நான் சூடு காட்டுனதும் காஞ்சிச்சு, எறங்கிச்சு. அந்த ஸ்பிரிட்டும் பிரஷ்ஷும் எடு. சுத்தமா கழுவு.

— இந்தாங்கோ ஸ்பிரிட், பிரஷ். நீங்களே கழுவுங்கோ.

— ஆங், ஆச்சு. தொடச்சிட்டேன். ஆன் பண்றேன், படி.

— நாலே முக்கால்.

— ஹீட்டர் போடறேன்... செத்துச்சு! பாத்தியா, உன் மாப்பிள்ளையும் செத்துட்டான்! ஏசப்பா, என் தங்கச்சி கைல தப்பே இல்ல!

— மேடம், கொஞ்சம் மெதுவா பேசுங்கோ.

— இன்னாத்துக்கு மெதுவா? கும்மிடிப்பூண்டி முழுக்க கேக்கற மாதிரி கத்துவேன்!

— கெஞ்சிக் கேக்கறேன். பழைய சிப் எங்கயும் கிடைக்கலைன்னு நான்தான் வேற சிப் போட்டேன். அதுக்குத் தகுந்த மாதிரி அந்த ரெசிஸ்டரை மாத்தியிருக்கணும். சந்தனம் வச்சப்பறம்தான் அளந்து பாத்தேன், போர்டு அஞ்சு வோல்ட் காட்டித்து, அதான் சரியாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்.

— அவ்ளோதானே? ஒரு ரெசிஸ்டர மாத்துனா சரியாப்பூடும். சார்கிட்ட போய்ச் சொல்லு.

— சொல்லலாம். இல்லைன்னா... இப்படிப் பண்ணா என்ன? ரெசிஸ்டரை சத்தமில்லாம மாத்திடலாம். சால்டரிங்கை ரிப்பேர் பண்ணினோம், எல்லாம் சரியாயிடுத்துன்னு எழுதிடலாம். யாரையும் அனுப்ப மாட்டா. என் பேரும் தப்பிச்சுடும். இது என் முதல் டிசைன் மேடம். போன மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் அவர் எழுந்து நின்னு கை தட்டினார்.

— ரிப்பேர் பண்ணோம்னா சால்டரிங் தப்புன்னுதானே ஆவுது? வர்ற மாசம் பர்மனன்ட் பண்றப்போ அந்தப் பேச்சு வராதா? உனுக்குக் கைதட்டு, அவளுக்குக் கெட்ட பேரா? நல்லா இருக்குடா நியாயம்! கொஞ்ச நேரம் முன்ன எனக்கு நியாயம் சொன்ன வாய்தானே இது?

— வெக்கமாத்தான் இருக்கு. பயமாவும் இருக்கு.

— தப்பு யாருக்கும் வரும், மறைக்கறதுதான் பேஜாரு. ஃபோன எடு. நீ பேசறியா, நான் பேசட்டுமா?

— நானே பேசறேன். நானே பேசினாத்தான் சரி... ரிங் போறது... எடுக்க மாட்டேங்கறார். யார்கூடவோ இருக்கார் போல.

— திரும்பப் போடு. அட, ஹெலனே வரா பாரு! வாடி, வா! ஏன் மூஞ்சி வீங்கிகீது? அழுவாத. எல்லாம் கண்டுபுட்சிட்டோம். உங்க யார் மேலயும் தப்பில்ல. சாரு இப்பவே ராமபத்ரன் சார்கிட்ட சொல்லப் போறாரு.

— அவரு ரூம்லேர்ந்துதான்க்கா வரேன். ஐடி கார்ட குடுத்துட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிகினு ஊட்டுக்குப் போலாம்னு வந்தேன்.

— இன்னாடி ஒளர்ற? நான் இன்னும் ரிப்போர்ட்டே போடலியே!

— ரிப்போர்ட் இன்னாத்துக்குக்கா? என் கை தப்புதான்னு நானே எழுதிக் குடுத்துட்டேன். ஒருத்தர் ஒத்துகினா மத்தவங்கள உட்டுருவாங்கன்னு காலைல கம்பெனி பஸ்ல லக்ஷ்மண் சார்தான் சொன்னாரு. நீங்க சொன்ன மாதிரியே உட்டுட்டாங்க சார், எல்லாரும் லைன்ல போய் குந்திட்டாங்க. ரொம்ப தேங்க்ஸ் சார்.