மூன்றாம் வரிசைக்கும் புரியும்படி

எனக்குக் கொட்டாவியைக் கண்டால் ஆகாது. யாராவது வாயைத் திறந்து மூடுவதற்குள் என் கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். இப்போதும் ஆடுகிறது, பாருங்கள். நாற்காலியைக் கொஞ்சம் சுவரோரம் போட்டுக்கொள்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா.

பெரியவர்களுக்கு மாலை நேர ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். புத்தகம் கிடையாது, நாடகம்தான். அவரவர் வீட்டுக் கதையை அவரவரே நடிக்க வேண்டும். கற்பனை பேசினால் நாக்கு தடுமாறும், சொந்த வலிக்குத் தடுமாறாது என்பது என் கண்டுபிடிப்பு. அந்த முறைக்கு என் பெயரையே வைத்திருந்தேன். அடக்கமாக வேறு எதுவும் தோன்றவில்லை.

சலவைக் கடையில் துணி தேய்க்கும் பெண் ஒருத்தி சேர்ந்தாள். வகுப்பில் அவளை இஸ்திரியக்கா என்பார்கள். வாயே திறக்காதவள், வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னதும் ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்துவிட்டாள். புருஷனின் அடி, மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா ஊருக்குப் போய்விடும் திட்டம், எல்லாம். அசந்துபோய், அப்படியே ஆண்டு விழாவுக்குக் காட்சியாக்கினேன்.

"அவரும் வருவாரே சார்," என்றாள்.

"வரட்டுமே."

"அவருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. அந்தத் தைரியத்துலதான் பேசறேன். புரிஞ்சா என் உசுரு மிஞ்சாது."

"நீ பேசும்மா. நான் இருக்கேன்ல."

இருந்தேன். மேடையோரமாக, மைக்கோடு.

புருஷன் மூன்றாம் வரிசை. அவள் முதல் வசனம் பேசியதுமே பக்கத்து ஆளின் தொடையில் தட்டி, "நம்ம வீட்டுக்காரிதான். என்னமா வெளுத்து வாங்கறா பாருய்யா," என்று கைதட்டினான். எனக்கே பெருமையாக இருந்தது.

முதல் வரிசையில் எங்கள் முதலாளி. என் முறையை எல்லாக் கிளைகளிலும் கொண்டுவருவதா என்று அன்றுதான் முடிவு செய்ய வந்திருந்தார். ஆங்கிலப் பள்ளி நடத்துகிறாரே தவிர, அவருக்கும் ஆங்கிலம் வராது. கொட்டாவி விட்டார்.

அடுத்த கொட்டாவிக்கு நான் மைக்கைத் திறந்துவிட்டேன். அவள் ஒரு வரி பேச, அதையே நம் மொழியில் நான் ஒரு வரி சொன்னேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஆனாலும் வசனத்தை விடவில்லை. என்ன நடந்தாலும் காட்சியை நடுவில் நிறுத்தக் கூடாது என்று மாதக்கணக்கில் பழக்கியிருந்தேன். முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாம் வரிசையில் கைதட்டல் நின்றது. அக்கா ஊர், பஸ், கிளம்பும் கிழமை எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. ஒன்றையும் விடாமல் சொன்னேன். மொழிபெயர்ப்பில் ஒரு நேர்மை வேண்டுமல்லவா.

தெரிந்தே செய்தேனா என்கிறீர்கள். தெரிந்துதான். அவன் எழுந்து நின்றதைப் பார்த்த பிறகும் சொன்னேன். கூடமே மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது, ஐயா, எப்படி நிறுத்துவது?

அவள் தாடையில் கம்பி கட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பேச முடியவில்லையே என்ற கூச்சம். அடுத்த மாதம் இன்னொரு கிளையில் அதே நாடகம். அவள் வேடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்தால், பாவம், ஏமாந்துபோவாள்.