நில்லுங்கோ, நான் வாறன்

ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் இழுக்கிறவனுக்கு அவசரம் இருக்கக் கூடாது. ஆள் நடக்கிற வேகத்தைவிடக் குறைவாகப் படகு போக வேண்டும். எஞ்சினை எவ்வளவு அடக்கி வைத்தாலும் இந்தத் தகரப் படகு கொஞ்சம் ஓடத்தான் பார்க்கும். அதற்குத்தான் அந்த வாளி. அடியில் ஓட்டை போட்டுப் பின்னால் கட்டி விட்டால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு படகை இழுத்து வைக்கும். இதற்கென்று கடையில் துணிப்பை விற்கிறார்கள். எனக்கு வாளி போதும்.

இருங்கள், பிள்ளை. அந்தக் கதிரையில் எண்ணெய் படவில்லை. சிவாஜினியும் மகளும் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள். இன்றைக்கு மொழிபெயர்க்க வரவில்லை, உங்கள் மனச்சமாதானத்துக்காக ஒரு கேள்வி கேட்க வந்தேன் என்றீர்கள். கேட்டும் விட்டீர்கள். பதில் சொல்லாமல் அனுப்ப மாட்டேன். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் சொன்னால் என்னைப் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள். அதனால் கொஞ்சம் முன்னே இருந்து சொல்கிறேன்.

கஜீவனும் நானும் இந்த டாண்டினோங் வீட்டில் ஒன்பது வருடம் ஒன்றாக இருந்தோம். ஒரே இறைச்சித் தொழிற்சாலை, ஒரே மேசை. ஆட்டின் பின்னங்காலில் எலும்பை எடுத்துவிட்டுச் சதையை ஓடுகிற பட்டியில் விட வேண்டும். அடுத்தது வந்துவிடும். குளிர் அறையில் அந்த வேலையைப் பல வருடம் செய்தால் காலையில் எழும்பும்போது விரல் மடங்காது. சுடுதண்ணீரில் கையை வைத்துத்தான் விரித்து மடக்க வேண்டும். முதலில் எழும்புகிறவர் மற்றவருக்கும் சேர்த்துத் தண்ணீர் சுட வைப்போம். கல்யாணம் கட்டியவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காக இருக்க மாட்டார்கள்.

அவன் வன்னியான். கடல் என்றால் பயம். இந்த நாட்டுக்கு வந்த படகில் அத்தனை நாளும் அடித்தட்டில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தானாம். நான் பருத்தித்துறையில் சின்ன வயதிலேயே சம்மாட்டியின் வள்ளத்தில் ஏறியவன். அவனுக்குக் காடு தெரியும், எனக்குத் தண்ணீர் தெரியும். நிரந்தர விசா கிடைத்ததும் அவன் முதலில் செய்தது துவக்கு லைசென்சுக்குப் படித்ததுதான். நான் இந்தப் படகை வாங்கினேன்.

எய்ல்டன் ஏரி மலைக்குள் கை கையாய்ப் புகுந்து கிடக்கிறது. தெருவால் போக முடியாத கரைகள் இருக்கின்றன. அங்கேதான் மரை மான் அதிகம். விடியப் படகில் கொண்டுபோய் அவனைக் கரையில் இறக்குவேன். அவன் துவக்கோடு மேலே ஏறுவான். நான் தூண்டிலை இழுத்துக்கொண்டு போய்த் திரும்புவேன். போன் எடுக்காத இடம், ஆளுக்கொரு வோக்கி டோக்கி வைத்திருந்தோம். மரை விழுந்தால் தொடையை வெட்டி முதுகில் கட்டிக்கொண்டு இறங்குவான். வீட்டுக்கு வந்து உப்பும் மஞ்சளும் போட்டு, இந்த கராஜுக்குள் கம்பி கட்டி வத்தல் போடுவோம். தமிழ் ஆட்கள் எங்கெங்கேயோ இருந்து கேட்டு வருவார்கள்.

அந்த மரைகளை வெள்ளைக்காரர் பழைய காலத்தில் இலங்கையில் இருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டார்களாம். அதை யாரோ சொல்லக் கேட்டு வந்து கஜீவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“அண்ணை, எங்களுக்கு முன்னமே கடலால வந்த ஆக்கள். இவையிட்ட ஒருத்தரும் விசா கேக்கேல்லைப் பாருங்கோ.”

“கேக்கேல்லைத்தான்,” என்றேன். “அதுக்காக நீ சுடுறதை விட்டனியோ?”

“சொந்தக்காரரைத்தான் அண்ணை வடிவாச் சுடலாம்.”

அவன் அப்படித்தான். வாய் ஓயாது. வீட்டில் அவன் சத்தம் இருக்கும்.

பிறகு அவன் மனைவி சிவாஜினிக்கும் மகளுக்கும் விசா வந்தது. மகளை அவன் கைக்குழந்தையாக விட்டு வந்தவன். அன்று இரவு முழுக்க அழுதான், விடியப் பெயின்ற் வாங்கப் போய்விட்டான். என்னுடைய அறைச் சுவரை அளந்து பார்ப்பதைக் கண்டேன். இரண்டு நாள் போனது. பிறகு தேத்தண்ணீரைக் கையில் தந்துவிட்டுச் சொன்னான்.

“குறை நினைக்காதேங்கோ அண்ணை. பிள்ளைக்கு ஒரு அறை வேணும். நீங்கள் ஆறுதலாப் பாருங்கோ, அவசரமில்லை.”

நான் ஓம் என்றேன். அதில் பிழை ஒன்றும் இல்லை. குடும்பம் வந்தால் தனி ஆள் வெளியே போவதுதான் முறை. அதற்காகத்தான் நான் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

எனக்கு அந்தக் கதையின் முடிவு தெரியும், பிள்ளை. கஜீவன் இந்த வீட்டுக்கு வர முன்னம் என் மனைவி இரஞ்சிதமும் அப்படித்தான் வந்தாள். போனில் கதைத்த வருடங்களில் அவள் மனத்தில் வேறு ஒரு ஆளை வைத்திருந்திருக்கிறாள். இங்கே வந்து பார்த்தபோது கை மடங்காத, தூக்கத்தில் கத்துகிற, இரத்த வாடை போகாத ஒருவன் நின்றான். சண்டை ஒன்றும் பிடிக்கவில்லை. ஒரு நாள் குசினியைத் துப்புரவாகக் கழுவி வைத்துவிட்டு, சிட்னியில் பிளாக்டவுனில் இருக்கிற தன் தம்பி வீட்டுக்குப் போனாள். இன்னும் அங்கேதான். அந்த நாட்களில் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். அதே கையும் அதே வாடையும்தான் கஜீவனுக்கும். அவன் விமான நிலையத்துக்கு வாங்கிய பலூன்களை என்னிடம் காட்டியபோது எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. இரக்கம்தான் வந்தது.

அவர்கள் வருவதற்கு முன்னம் கடைசியாக ஒரு தடவை மரைக்குப் போவோம் என்று அவன்தான் கேட்டான். மகளுக்கு வத்தல் காட்ட வேண்டுமாம். கிழமை நாள், மழைக்குளிர். ஏரியில் வேறு ஒரு படகும் இல்லை. காலையில் வழக்கமான கரையில் இறக்கிவிட்டேன். துவக்கு, கத்தி, செம்மஞ்சள் தொப்பி. உச்சிக்குப் பிறகு ஒரு வெடி கேட்டது. நல்ல வெடி, ஒன்றோடு முடிந்தது.

வெகு நேரம் கழித்து வோக்கியில் வந்தான். மரை விழுந்தது, இறங்கும்போது தானும் விழுந்துவிட்டேன் என்றான். மூச்சு வாங்கியது.

“முழங்கால் போட்டுது அண்ணை. ஊன்றேலாது. அரக்கி அரக்கித்தான் இறங்குறன். எங்கயும் போயிடாதேங்கோ. நில்லுங்கோ, நான் வாறன்.”

அதற்குப் பிறகு நடந்ததில் ஒரு பாதி உங்களுக்குத் தெரியும். அடுத்த நாள் வேலை முடிந்து வந்து, கஜீவன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை என்று நான்தான் பொலிசுக்குச் சொன்னேன். அவர்கள் படகில் போய்ப் பார்த்தார்கள். தண்ணீர் ஓரத்தில் ஒரு மரத்தில் சாய்ந்தபடி, ஏரியைப் பார்த்துக்கொண்டு இருந்தானாம். குளிரில் போயிருந்தான்.

என்னை விசாரித்தபோது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். கடைசியாக அவன் சொன்னது என்ன என்று பொலிஸ்காரர் கேட்டார். ‘நான் வாறன்’ என்றான் என்று மட்டும் சொன்னேன். நீங்கள் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னீர்கள். அவருடைய முகம் மாறியது. வருகிறேன் என்றவனை விட்டுவிட்டு ஏன் போனாய் என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னம் நீங்கள் கையைத் தூக்கி, இந்தச் சொல்லை விளக்க வேண்டும் என்றீர்கள். எங்கள் ஆட்கள் புறப்படும்போது ‘போறன்’ என்று சொல்ல மாட்டார்கள், அது நல்ல வார்த்தை இல்லை, போகிறவரும் ‘வாறன்’ என்றுதான் சொல்வார் என்றீர்கள். ஆகவே அது விடைபெறுகிற சொல்லாகவும் இருக்கலாம் என்றீர்கள். அந்த மனிதர் பேனையைக் கீழே வைத்துவிட்டு உங்களைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

எனக்கு அது அந்த நேரம் வரைக்கும் தோன்றவே இல்லை. நான் எதையும் ஆயத்தம் செய்துகொண்டு வரவில்லை. ஆனால் நீங்கள் சொன்னது உண்மை. அதோடு முன்பு ஒருமுறை அப்படியே நடந்தும் இருந்தது. மேலே மலைப்பாதையில் எங்களோடு வேலை செய்கிற வெள்ளைக்காரன் ஒருவனை ஜீப்போடு கண்டு, ‘அப்ப நான் வாறன் அண்ணை’ என்று வோக்கியில் சொல்லிவிட்டு, அந்த ஜீப்பிலேயே வீட்டுக்கு வந்துவிட்டான். அதைச் சொன்னேன். அந்த வெள்ளைக்காரனும் ஓம் என்றான். முழங்கால் அதற்குப் பிறகு முறிந்திருக்கலாம் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். மொழியால் வந்த விபத்து என்று கோப்பை மூடினார்கள்.

உங்கள்மேல் ஒரு பிழையும் இல்லை. தமிழ் தெரிந்தவர் செய்ய வேண்டியதைத்தான் செய்தீர்கள். ஆனால் தமிழ் தெரிந்தவர் என்பதால்தான் இந்தக் கேள்வியும் உங்களைத் தூங்க விடவில்லை. அவன் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வாசலில் வந்து நின்று முதல் வேலையாக அதைத்தான் கேட்டீர்கள்.

“அங்கிள், அவர் வாறன் எண்டதுக்கு நீங்கள் என்ன மறுமொழி சொன்னனீங்கள்?”

புறப்படுகிறவனுக்கு ‘போட்டு வா’ என்போம். ஜீப்பில் போனவனுக்கு நான் அப்படித்தான் சொன்னேன். இந்த முறை சொன்னது, “வா, நிக்கிறன்.”

அதுதான், பிள்ளை. அவன் சொன்னது எந்த ‘வாறன்’ என்பதில் ஒருபோதும் எனக்கு மயக்கம் இருக்கவில்லை.

நின்றேன், அதுவும் உண்மை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கரைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றேன். மரங்களுக்குள் அந்தச் செம்மஞ்சள் தொப்பி தெரிந்தது. இருந்தபடியே கையை ஊன்றிக் கீழே கீழே நகர்ந்து வந்தான். தொடை இறைச்சியையும் விடவில்லை, கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். மகளுக்கு அல்லவா. கரைக்கு வந்ததும் என்னைக் கண்டு கை காட்டினான். நானும் கை காட்டினேன்.

அப்போது யோசித்தேன். இவனை ஏற்றினால் ஆஸ்பத்திரி, பிறகு வீடு, பிறகு அந்தப் பலூன்கள். சிவாஜினி கதவைத் திறந்து உள்ளே வருவாள். ஒரு நாள் குசினியைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். அதைப் பார்க்க வைப்பதைவிட, நல்லது நடக்கப் போகிறது என்ற நினைப்போடு இருக்கிறபோதே முடிந்துவிட்டால் என்ன? மனிதருக்கு அப்படி ஒரு நேரம் அதிகம் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைக்கவில்லை.

தூண்டில்களைச் சுற்றினேன். வாளியைத் தூக்கி உள்ளே வைத்தேன், அது தண்ணீரில் இருந்தால் படகு ஓடாது. கயிற்றை இழுத்தேன், எஞ்சின் பிடித்தது. கரைக்கு வரத்தான் திருப்புகிறேன் என்று நினைத்திருப்பான். வோக்கியை நான் நிறுத்தவில்லை. முனை திரும்பும் வரை கேட்டுக்கொண்டிருந்தது. ‘அண்ணை’ என்றுதான். ஏசவில்லை. ஏசியிருந்தால் திரும்பியிருப்பேனோ என்று சில வேளை நினைப்பதுண்டு.

படகை ட்ரெய்லரில் ஏற்றும்போது மலைப்பக்கம் மூன்று வெடி கேட்டது. ஒன்று, கொஞ்சம் விட்டு ஒன்று, கொஞ்சம் விட்டு ஒன்று. மரைக்கு யாரும் அப்படி வெடி வைப்பதில்லை. அங்கே நாயோடு நடந்து போன கிழவன் ஒருவன் நின்று என்னைப் பார்த்தான். யாருக்கோ இன்றைக்கு நல்ல வேட்டை என்றேன். அவனும் தலையாட்டிவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்து காலுக்கு எண்ணெய் பூசிவிட்டுப் படுத்தேன். வெளியே உறைபனி. விடிய எழும்பி, பழக்கத்தில் இரண்டு பேருக்கும் தண்ணீர் சுட வைத்துவிட்டேன்.

சிவாஜினியையும் மகளையும் விமான நிலையத்தில் நான்தான் கூட்டிவந்தேன். வேறு யார் இருக்கிறார்கள்? பலூன்களைக் கொண்டு போகவில்லை. வந்த கிழமையே சொன்னேன், நான் வேறு அறை பார்க்கிறேன் என்று. உண்மையாகத்தான் சொன்னேன். அவள் என் முன்னால் நிலத்தில் இருந்து அழுதாள்.

“இந்த ஊரில எனக்கு ஆரைத் தெரியும் அண்ணை? அவர் கடைசியாக் கதைச்சது உங்களோடதானே. நீங்களும் போகாதேங்கோ.”

சனம் ஒன்றிரண்டு கதைக்கிறது. கதைக்கட்டும், அவள் எனக்குத் தங்கச்சி. நான் இந்த கராஜுக்குள் கட்டில் போட்டிருக்கிறேன், சாப்பாடு உள்ளே. பிள்ளை என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறாள், வந்த புதிதில் வாயே திறக்காதவள் இப்போது பள்ளிக்கூடத்துக் கதை எல்லாம் சொல்கிறாள். வேலையால் நான் வர நேரம் போனால் இரண்டு பேரும் சாப்பிடாமல் இருப்பார்கள். அவர் கரையில் இருந்தபோது தன்னை நினைத்திருப்பாரா என்று சிவாஜினி அடிக்கடி கேட்பாள். நினைத்திருப்பான் என்று சொல்வேன். அந்த வீட்டில் அவளுக்கு அந்த ஒரு பதிலைச் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை.

ஓம், விளங்குகிறது. இப்போதே உங்களோடு பொலிசுக்குப் போய் இதைச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். அழாமல் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன், அந்தத் தைரியம் எனக்கு இருக்கிறது. நானாக எழும்பி நடந்து போகத்தான் முடியாது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், பிள்ளை. கோயிலால் வந்து அவர்கள் இரண்டு பேரும் வாசலில் நிற்பார்கள். ஒருவரை அப்படிக் காத்திருக்க வைத்துவிட்டுப் போகிற மனம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.