மூலைக்குப் போகாத ராஜா

ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் தோட்டத்துப் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

"நேத்தும் அவரு ராஜா தப்பிக்கலக்கா," என்றாள் இளையவள்.

"எந்த ராஜாடி?"

"அது நோர்வேக்காரங்களோட அந்தக் காலத்து வெளாட்டு. எங்க வீட்டுக்காரரு அங்க மீன் கம்பனில கத்துக்கிட்டாரு. அவரு அங்க கட்டம் போட்ட ஒரு அட்ட, நான் இங்க ஒரு அட்ட வச்சிக்கிட்டு போன்ல வெளாடுறோம். அவரு ராஜா மூலைக்குப் போயிட்டா அவருக்கு ஜெயம். நான் காயா வச்சிருக்கிற தேயிலக் கொட்டைங்க நாலு பக்கமும் மறிச்சிட்டா எனக்கு ஜெயம்."

"மறிச்சிட்டியா?"

"மறிச்சா வெளாட்டு முடிஞ்சிரும், போனையும் வச்சிருவாரு. அதனால ஒரே கொட்டைய முன்னால பின்னால தள்ளிக்கிட்டே இருந்தேன்."

"சரியான கள்ளி!"

"இப்ப புதுச் சட்டம் வந்திருக்காம். அப்பிடித் திருப்பித் திருப்பித் தள்ளுனா தோத்த மாதிரியாம்."

"நீ என்னா சொன்ன?"

இளையவள் பனி படர்ந்த கண்ணாடியைக் கையால் துடைத்தாள்.

"அந்தச் சட்டமெல்லாம் நீங்க வீட்டுக்கு வந்தப்பறம் பாத்துக்குவோம்னேன்."

"அதுக்கு அவரு?"

"மூலைக்கு வழி தொறந்துதான் கெடந்திச்சு. ஆனா ராஜாவ ஒரு கட்டம் பின்னால எடுத்து வச்சேன்னாரு."