கேப்டன் மார்த்தாவுக்கு நட்ட கொடிகள்

இல்லீங்க நானா, நான் நிக்கிறேன். நின்னாத்தான் ரோடு தெரியுது. ஜீப்பு ஏதாச்சும் இந்தப் பக்கம் திரும்புனா சொல்லிர்றேன், நீங்க டைப் மிஷின நிப்பாட்டிருங்க. உங்களுக்கும் எதுக்கு வம்பு. கச்சேரி ஆபீசு வாசல்ல பெட்டிசன் எழுதுற ரெண்டு பேரும், தோட்டத்து ஆளுன்னு சொன்னதுமே கையெடுத்துக் கும்புட்டு அனுப்பிட்டாங்க. பஜார்ல வெத்தல விக்கிற அக்காதான் சொன்னாங்க, லத்தீப் நானாகிட்டப் போ, அவருக்கு மூணு பாசையும் தண்ணி பட்ட பாடு, மனசும் இருக்குன்னு. அதான் வந்தேன்.

ஆமாங்க, மூணு நாளாச்சு. எம் புருசன் ராமையாவ முந்தாநாத்து வெள்ளனப் புடிச்சுட்டுப் போனாங்க. இன்னும் ஸ்டேசன்லதான் வச்சிருக்காங்க. இன்னைக்கு நாலு மணிக்குப் பெரிய வண்டி ஒண்ணு வருமாம், உள்ள இருக்குறவங்கள ஏத்திக்கிட்டுப் போயிருமாம். எங்கன்னு கேட்டா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்குறான். எங்க தோட்டத்துக் கீழ் டிவிசன்ல ரெண்டு பையன்கள அப்படித்தான் ஏத்திக்கிட்டுப் போனாங்க, தீவாளிக்கு முன்னாடி. இன்னும் வரல. இப்ப மணி என்னா நானா? ஒண்ணரையா? ஐயோ, ஒண்ணரை ஆயிருச்சா!

எதுக்குப் புடிச்சாங்கன்னா, எப்படிச் சொல்றது. டீவியில வர்ற ஒரு பொம்பளையால. சிரிக்காதீங்க நானா, சாமி சத்தியமா அதுதான்.

கேப்டன் மார்த்தான்னு ஒரு கதை போட்டாங்களே, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம, நீங்க பாத்ததில்லையா? கடைய விட்டு எங்க எந்திரிப்பீங்க. அவ ஒரு வெள்ளக்காரி. மஞ்சக் கலர்ல சின்னதா ஒரு பிளேன் வச்சிருப்பா. மழையும் பனியுமா கெடக்குற மலை நாட்டுல, ரோடு இல்லாத ஊருக்கெல்லாம் தப்பால் கடுதாசியும் மருந்தும் கொண்டு போயிக் குடுப்பா. வழியில கள்ளக்கடத்தல்காரன் எவனாச்சும் மாட்டுவான். காக்கிச் சட்ட, தொப்பி, இடுப்புல துவக்கு. ஆனா ஒரு நாளும் சுட மாட்டா. துவக்குல கைய வச்சுக்கிட்டு ஒரு பார்வ பாப்பா, அம்புட்டுத்தான், அவன் சாமானக் கீழ போட்டுருவான். கைய வீசி நடப்பா பாருங்க, இந்த உலகத்துல எவனுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லங்குற மாதிரி. அவளுக்கு மேல கங்காணி இல்ல, கணக்கப்புள்ள இல்ல, வீட்டுக்கு வந்து சோறாக்கணும்னு இல்ல. ஒரு வாட்டி நடு வானத்துல எஞ்சின் நின்னு போச்சு நானா! பொம்பள கத்தணுமே, அழணுமே? சட்டையில கையத் தொடச்சுட்டு, வா மகளே எறங்கலாம்னு பிளேனுகிட்டப் பேசுறா. எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சு.

ஆ? நான் பாத்தேனான்னா? இல்ல இல்ல, எங்க வீட்டு ஆளு சொன்னதுதான். அவரு சொல்லிச் சொல்லி எனக்கும் மனப்பாடம்.

வரிசையா ஒத்த ரூம் காம்பராவா இருக்குற எங்க லயத்துல டீவி எங்க இருக்கு? தோட்டத்துக்கே ரெண்டுதான். ஒண்ணு தொரை பங்களாவுல, ஒண்ணு தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையா வீட்டுல. மருந்தையா பொஞ்சாதி லயத்து ஆளுகள உள்ள விடாது, சிமெந்துத் தர அழுக்காயிருமாம். சன்னலுக்கு வெளிய, பூப்பாத்தியில நின்னுதான் பாக்கணும். மழை வந்தாலும் சாக்குப் படங்கத் தலையில போட்டுக்கிட்டு நின்னு பாக்குறது. பாசை வெளங்காது. அந்த வீட்டு மக, நல்ல புள்ள, சன்னலோரமா வந்து நின்னு ரெண்டு ரெண்டு வார்த்த தமிழ்ல சொல்லும்.

அந்தப் புள்ளதான் டின் சங்கதியச் சொல்லிச்சு. அவங்க குடிக்கிற மால்ட் மாவு டின்னுல மார்த்தா படம் போட்டு வந்துச்சு. ஆறு டின்னு லேபிள அனுப்புனா கொழும்புலருந்து சாமான் வரும், நம்மளையும் மார்த்தாவோட கூட்டத்துல சேத்துக்குவாங்கன்னு. அவங்க வீசுற டின்ன எல்லாம் குப்பையிலருந்து பொறுக்கி, சுடுதண்ணியில ஊறப்போட்டு, லேபிள் கிழியாம நகத்தால உரிச்சு, தலகாணிக்கு அடியில வச்சுக் காயவிட்டு. அஞ்சு மாசம் எடுத்துச்சு ஆறு சேக்க! பாரம் எல்லாம் அந்தப் புள்ளதான் இங்கிலீசுல நெரப்பிக் குடுத்துச்சு.

எங்க தோட்டத்துல தப்பால் எப்படிக் குடுப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல. விடியக்காலம் பெரட்டுக் களத்துல, வேலைக்கு ஆள் பிரிக்கிறப்ப, கணக்கப்புள்ள பேர் சொல்லிக் கூப்புடுவாரு. ஒரு நாளு ராமையான்னாரு. தடியா ஒரு காக்கிக் கவரு. எல்லாரும் எங்களையும் இந்தியாவுக்கு அனுப்புற கவுருமெந்துக் கடுதாசின்னு நெனச்சுட்டாங்க. கருப்பம்மான்னு பக்கத்துக் காம்பராக்காரி, கட்டிப்புடிச்சு ஓன்னு அழுதுட்டா. உள்ள என்னான்னா தகரத்துல றெக்க போட்ட ஒரு பெட்ஜி, பேர் போட்டு நம்பர் போட்ட ஒரு கார்டு, நாலாயிரத்து நானூத்திப் பதினேழு, மார்த்தா படம் அஞ்சு, குண்டூசியில குத்துன சின்னச் சின்ன செவப்புக் காயிதக் கொடி பன்னெண்டு.

அந்தக் கொடிதான் நானா எங்க குடியக் கெடுத்துச்சு.

உங்க ஊரப் பென்சிலால படமாக் கீறுங்க, மார்த்தா பிளேன எங்க எறக்கலாமோ அங்க கொடி குத்துங்கன்னு கூட வந்த கடுதாசியில இருந்துச்சாம். சின்னப் புள்ளைங்களுக்கு எழுதுனது. கலண்டர் தாள் பின்னால தோட்டத்த அப்படியே கீறியாச்சு. சரி, நீங்களே சொல்லுங்க, எங்க மலையில தட்டையான எடம் எங்க இருக்கு? நிமிந்து நின்னா நெத்தி இடிக்கும், திரும்புனா கால் வழுக்கும். தேயில அரைக்கிற ஸ்டோருக்கு முன்னால லொறி திரும்புற எடம் ஒண்ணு. பாலத்துக்கு அந்தாண்ட மணல் தெடல் ஒண்ணு. தொரை பங்களாவுல பந்தடிக்கிற எடம். பெரட்டுக் களம். கூட்டிப் பாத்தா அம்புட்டுத்தான். அங்கதான் கொடி குத்த முடியும். யோசிச்சு யோசிச்சுத்தான் குத்துனது, பாவம், அவ எறங்குறப்ப கொழுந்துச் செடியில சிக்கிறக் கூடாதுன்னு.

போன ஞாயித்துக்கெழம பக்கத்துத் தோட்டத்து ஸ்டோருக்கு எவனோ தீ வச்சுட்டான். எவன்னு யாருக்குத் தெரியும். மறுநாளு வெள்ளன ஆமிக்காரனும் பொலிசும் லயத்துக்கு வந்துட்டாங்க. காம்பரா காம்பராவா சாமானெல்லாம் வெளிய இழுத்துப் போட்டாங்க. எங்க காம்பராவுல மேல அட்டல்ல இருந்த, அந்தப் படம் கொடியெல்லாம் போட்டு வச்ச பிஸ்கட் டின்ன எடுத்து ஒரு பையன் தரையில கொட்டுனான். மீச கூட மொளைக்கல அவனுக்கு, கையில துவக்கு. படத்த எடுத்தான். காக்கிச் சட்ட, தொப்பி, இடுப்புல துவக்கு, ஒரு பொம்பள. மே கவுத, மே கவுதன்னு கத்துறான், யாரு இவ, யாரு இவன்னு. கூட இருந்தவன் கலண்டர் தாள விரிச்சான். விரிச்சவன் கத்தல நானா. நேரா இன்ஸ்பெக்டரக் கூட்டியாற ஓடுனான்.

இன்ஸ்பெக்டர் வந்தாரு. ஸ்டோரு, பாலம், பங்களா, ஒவ்வொரு கொடியா வெரல வச்சுத் தொட்டாரு. யாருதுன்னு தமிழ்லயே கேட்டாரு. என்னுதுங்க, டீவியில வர்ற பொம்பளைங்கன்னு ராமையா சொன்னாரு. அவ்வளவுதான், கையப் பின்னால முறுக்கிக் கட்டிட்டாங்க.

அந்தக் கொழும்புக் கடுதாசியா? அது இருந்தா நான் எதுக்கு நானா இப்படி ஒங்க வாசல்ல வந்து நிக்கிறேன். இங்கிலீசுக் கடுதாசி, வாசிக்கவா போறோம்னு மழ நாள்ல அடுப்புப் பத்த வச்சாச்சு. மருந்தையா குடும்பமும் போன வருசமே இந்தியாவுக்குப் போயிருச்சு. டீவியும் அவங்களோடயே போச்சு. கதைய முழுசாப் பாக்கக்கூடக் கெடைக்கல. அந்த பிஸ்கட் டின்னு ஒண்ணுதான் மிச்சமா இருந்துச்சு.

இருங்க. ஏதோ சத்தம். இல்ல, பஸ்ஸு. மொனராகலை பஸ்ஸு.

சரி, டைப் அடிங்க நானா. யாரு பேர்லயா? ராமையா பேர்ல வேணாம். ரெங்கம்மான்னு போடுங்க.

ஆமா, என் பேருதான். புருசனுக்காக இல்லீங்க. என்னுதுன்னு எழுதுங்க. டின்னு என்னுது, படம் என்னுது, கொடி குத்துனது நானு. பூப்பாத்தியில நின்னவ நானு. மூணு நாளா கேக்குறவங்ககிட்ட எல்லாம் அவருதான் டீவிப் பைத்தியம்னு சொல்லிச் சொல்லி எனக்கே நெசமாட்டம் ஆயிருச்சு. அவரு ஒரு நாளு கூட அந்தச் சன்னல் பக்கம் வந்ததில்ல. வேல விட்டு வந்தா திங்குறது, தூங்குறது, இல்லாட்டி மகளக் கழுத்துல தூக்கி வச்சுக்கிட்டு லயத்தச் சுத்தி நடக்குறது. பொம்பள பேருக்குக் கடுதாசி வந்தா கணக்கப்புள்ள பெரட்டுலயே பிரிச்சு, எவன்டி எழுதுறான்னு கேட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிப்பான். மானம் போயிரும். அந்தப் பயத்துல அவரு பேரக் குடுத்தேன். அதான் கார்டுல அவரு பேரு.

இன்ஸ்பெக்டர் யாருதுன்னு கேட்டப்ப, அவரு என்னையப் பாத்தாரு. நான் வாயத் தொறக்கல நானா. மகள இறுக்கிப் புடிச்சுக்கிட்டுத் தரையப் பாத்தேன். அப்பதான் அவரு என்னுதுன்னாரு.

இன்னைக்குக் காலையில சோறு கொண்டு போனேன். கம்பிக்கு அந்தாண்டதான் இருந்தாரு. மூஞ்சி இந்தப் பக்கம் வீங்கிக் கெடக்கு, ஒரு கண்ணு தெரியல. இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்காரு, டீவியில வர்றவதானே, அப்ப பேரச் சொல்லு, சொன்னா நம்புறேன்னு. ரெண்டு நாளா அதத்தான் கேட்டு அடிக்கிறாங்க. அந்த மனுசனுக்குப் பேரு தெரியாதுங்க. காதுல விழுந்திருக்கும், கவனிச்சிருக்க மாட்டாரு. சோத்து வாளிய வாங்குற மாதிரி குனிஞ்சு மெல்லக் கேட்டாரு, ரெங்கு, அந்தப் பொம்பள பேரு என்னான்னு.

பக்கத்துல பொலிசுக்காரன் நின்னான். என்னா கேக்குறான்னு அதட்டுனான். ஒண்ணுமில்லீங்க, உப்புப் போதுமான்னு கேக்குறாருன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒரே ஒரு பேரு. அதக்கூடச் சொல்லாம வந்துட்டேன் நானா. பாவி நானு.

அழல, அழல. அடிங்க நீங்க. மகளக் கருப்பம்மாகிட்ட விட்டுட்டேன். இந்தப் பையில ரெண்டு சேல இருக்கு, சீப்பு இருக்கு. நீங்க அடிச்சுக் குடுங்க, நான் பேனாவுல பேரு எழுதுவேன், அது எனக்குத் தெரியும். எடுத்துக்கிட்டு நேரா அங்கதான் போறேன். மார்த்தாவப் பத்தி என்னா கேட்டாலும் சொல்லுவேன், முப்பத்தோரு வாரக் கதையும் சொல்லுவேன். நம்புனா ரெண்டு பேரும் வீட்டுக்கு வருவோம். நம்பாட்டி அவராச்சும் வரணும். புள்ளைக்கு ஒருத்தர் வேணும்ல.

என்னா பாக்குறீங்க? தைரியமா? ஐயோ, எனக்கா தைரியம். ஒண்ணு கேக்கவா நானா, கோவிச்சுக்காதீங்க. அந்த ஸ்டேசன் கேட் வரைக்கும் வருவீங்களா? உள்ள வேணாம், ஒரு வார்த்த பேச வேணாம். ரோட்டுக்கு இந்தாண்டயே நில்லுங்க, யாரோ எவரோ மாதிரி. நான் படியில ஏறுறப்ப திரும்பிப் பாத்தா, ஒரு ஆள் நிக்கணும். இல்லேன்னா மறுபடியும் ஓடி வந்துருவேன்.