போயிருந்தேன், போயிருந்தாய்

— தப்பு.

— என்ன தப்பு? புக்குல அப்படித்தானே போட்டிருக்கு.

— நீ படிக்கிறது எதிர்காலம்ப்பா. நாளைக்கு எனக்கு பிரெஞ்சு டெஸ்ட்டு ப்ளூ-க-பார்ஃபேங்கற இறந்தகாலத்துல. அடுத்த பக்கம்.

— எல்லாத்தையும் ஒரே மாதிரி கட்டம் கட்டமா அடிச்சு வச்சிருக்கான்… சரி. 'பார்த்தீர்'னா பிரெஞ்சுல போறது. சொல்லு, சொலேன் கண்ணு, 'நான் போயிருந்தேன்'.

— நீ சொல்லு பார்ப்போம்.

— டெஸ்ட்டு உனக்கா எனக்கா?

— பயமா இருக்கா?

— இதுல என்ன பயம்… ஜவே பார்த்தி.

— கடவுளே.

— ஏன், என்ன?

— ஜெத்தே பார்த்தி. போறதுக்கு, வர்றதுக்கெல்லாம் அந்த 'அவே' வராது, 'எத்தே'தான் வரும். பத்து வயசுப் பசங்களுக்குக் கூடத் தெரியும்.

— எங்க பட்டறையில எல்லாரும் ஜவே பார்த்தின்னுதான் சொல்றாங்க. யாருக்கும் புரியாமப் போகல.

— உங்க பட்டறையில டயருக்குக் காத்தடிக்கிறீங்க. அதுக்கு இலக்கணம் எதுக்கு?

— அந்தக் காத்துலதான் உன் ஸ்கூல் பை வந்துச்சு.

— அது அம்மா வாங்கினது.

— …சரி, வேற ஏதோ வந்துச்சு. மேல சொல்லு. 'நீ போயிருந்தாய்'.

— த்யூ எத்தே பார்த்தி. 'அவள் போயிருந்தாள்', எல் எத்தே பார்த்தி. பொண்ணுன்னா கடைசியில ஒரு எழுத்து கூட வரும். காதுல கேக்காது.

— காதுல கேக்காததை எதுக்கு எழுதணும்?

— அரசாங்கத்துக்கு எழுதிக் கேளு. அதுலயும் தப்பு விடுவ.

— வாய் மட்டும் உங்கம்மா வாய். இப்படி ஒரு காலம் எதுக்கு இருக்கு? போனேன், போறேன், போவேன்… பத்தாதா?

— ஒண்ணு நடக்குதுன்னு வை. அதுக்கு முன்னாடியே இன்னொண்ணு நடந்து முடிஞ்சிருக்கும். அதைச் சொல்றதுக்கு. உதாரணம் சொல்லவா? அப்பா அடுப்பைத் திரும்பிப் பார்த்தப்போ கோழி கருகியிருந்தது.

— அது ஒரு தடவை.

— அப்பா இஸ்திரிப் பெட்டியை எடுத்தப்போ என் சட்டை கருகியிருந்தது.

— பிரெஸ்ட்டுக்குப் போனதும் உங்கம்மாவோட அந்த ஆளு உனக்குக் கருகாமப் போடுவான், போ.

— எர்வே நல்லாத்தான் சமைக்கிறார். மீனை அவரே சுத்தம் பண்ணுவார்.

— பல் டாக்டர் இல்ல? மீனுக்குப் பல்லும் விளக்கி விடுவான்.

— வயித்தெரிச்சல்.

— போட் வேற வச்சிருக்கானாம். அந்த ஊர்ல மழை என்னைக்கு விட்டுச்சு? போட்ல உக்காந்து குடை பிடிச்சுக்குவான்.

— இங்க லிமோஜ்ல மட்டும் வெயில் கொளுத்துதாக்கும்.

— செப்டம்பர்ல நீயே போய்ப் பாரு. அப்புறம் சொல்லு.

— போறேன்னு யார் சொன்னா? அம்மா போறா, எர்வே போறார். நான் போறேனா இல்ல உன்கூட இருக்கேனான்னு ஜட்ஜ்தான் சொல்லணும். இன்னும் சொல்லல.

— தெரியும், தெரியும். நீ கூட அந்த ஜட்ஜம்மாவைப் பார்த்தியாமே, புதன்கிழமை.

— அதைக் கேக்கக் கூடாதுன்னு உன் வக்கீல் சொன்னார்ல?

— நான் எங்க கேட்டேன்? என்ன பேசினன்னா கேட்டேன்? உக்கார நாற்காலி குடுத்தாங்களா, தண்ணி குடுத்தாங்களா… அதைத்தான்.

— குடுத்தாங்க. போதுமா? அடுத்தது. 'நாம போயிருந்தோம்'.

— அதை விடு.

— ஏன் விடணும்? நீதானே புக்கைத் தூக்கிட்டு வந்த. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், அம்மா கூட்டிட்டுப் போக வர்ற நேரத்துல, திடீர்னு பெரிய அப்பா ஆயிட்ட.

— டெஸ்ட்டு இருக்குன்னு சொன்னியேன்னுதான்…

— எத்தனை டெஸ்ட்டு வந்துச்சு, ஒண்ணுக்காவது உக்காந்தியா? அம்மா என்னைக் கேட்டு கோர்ட்டுல சண்டை போடுறா. நீ என்னத்தப்பா பண்ண? டயர் உருட்டுற. 'என் பொண்ணு எனக்கு வேணும்'னு சொல்ல உனக்கு வாய் வரல. ஜவே பார்த்தி சொல்ல மட்டும் வருது.

— ஆச்சா?

— ஆகல. அம்மா சொல்றது சரிதான். உனக்கு எதுக்குமே துப்பு கிடையாது.

— …புக்கை மூடு.

— டெஸ்ட்டு?

— மூடும்மா. ஒண்ணு சொல்றேன், குறுக்க பேசாத. நான் வக்கீல்கிட்ட சொல்லிட்டேன்.

— என்னன்னு?

— அம்மாகூடவே போகட்டும்னு. எனக்கு ஆட்சேபணை இல்லன்னு. அவர் அன்னைக்கே கோர்ட்டுக்கும் அனுப்பிட்டார்.

— என்னைக் கேக்காமலா?

— இங்க பாரு. பதினாலு வயசுப் பொண்ணு, தெரியாத பொம்பளை முன்னாடி உக்காந்து அம்மாவா அப்பாவான்னு சொல்லணுமாம். எனக்கு மனசு கேக்கல. நீ யாரையும் தள்ள வேண்டாம். நானே தள்ளி நின்னுட்டா உனக்கு அந்தப் பாரம் இல்ல. அங்க உனக்குன்னு ஒரு ரூம் இருக்கு. இங்க சோஃபாலதானே படுக்குற.

— நான் சோஃபாவைப் பத்தி ஏதாவது சொன்னேனா?

— சொல்லல. முதுகு வலிக்குதுன்னு சொன்ன.

— என்னைக்குப்பா சொன்ன, வக்கீல்கிட்ட?

— செவ்வாய்க்கிழமை. ஏன்?

— செவ்வாயா… நல்லாத் தெரியுமா?

— பட்டறையில லீவு போட்டுட்டுப் போனேன், எனக்குத் தெரியாதா? கீழ ஹார்ன் அடிக்குது பாரு, உங்கம்மா. பையை எடு… ஏய், எதுக்கு அழுற இப்போ?

— புதன்கிழமை அந்த ஜட்ஜம்மா கேட்டாங்க. அப்பாகூடத்தான் இருப்பேன்னு சொன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டு என்னையே பார்த்தாங்க. 'உங்கப்பாகிட்ட இதைப் பத்திப் பேசினியாம்மா'ன்னு கேட்டாங்க. இல்ல, அவருக்குத் தெரியாது, தெரிஞ்சா ரொம்ப சந்தோஷப்படுவார்னு சொன்னேன்ப்பா.