பாறைக்குப் போன மெத்தை

வாலாஜாபாத்தில் ஏறிய இரண்டு பெண்கள், சுருட்டிய பஞ்சு மெத்தையைப் பேருந்தின் கடைசி இருக்கையில் சாய்த்து வைத்தார்கள். ஒருத்தியின் விரல்களில் தோல் உரிந்திருந்தது.

"திருமுக்கூடல்ல அந்த டீக்கடைத் தாத்தா யாரு செத்தாங்கன்னு கேட்டாரே, நீ என்னாடி சொன்ன?" என்றாள் அவள்.

"செத்தவங்க மெத்தையத்தான ஊருக்கு வெளிய கொண்டுபோய் போடுவாங்க? அதான் கேட்டாரு. இன்னும் யாரும் இல்ல தாத்தா, இவ இப்பதான் பாறை ஏறப் போறான்னு சொன்னேன்," என்றாள் தோழி.

"உச்சிக்குக் கிட்ட ரெண்டு காலும் வழுக்கிச்சே, பாத்தியா? ஒத்தக் கையில தொங்கிக்கினு இருந்தேன்பா."

"பாத்தேன், பாத்தேன். நீ விழுந்தா இதுமேலதான் விழணும்னு மெத்தைய இழுத்துக்கினே இருந்தேன். என் உயிரு என்கிட்ட இல்ல."

"ஆனா ஏறிட்டேன்ல? அந்தப் பாறைய நம்மகூட ஏறப் பழகுற பசங்க ஒருத்தன்கூட ஏறல."

முன் இருக்கையில் இருந்த ஓர் அம்மா திரும்பி, மெத்தையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்ல யாருக்கு என்னாமா ஆச்சி?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலமா," என்றாள் பாறை ஏறியவள். "அதான் மெத்த வீட்டுக்குத் திரும்பி வருது."