மச்சான் கையில் என் கடிகாரம்

திருவந்திபுரம் தேவநாதசுவாமி அறியச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எனக்கு நடக்கப் பிடிக்காது. விஷயம் அவ்வளவுதான்.

சர்க்கரை ஏறியதும், சிதம்பரத்தில் இருக்கும் என் மகள் சத்யப்பிரியா வந்து, அடி எண்ணும் கடிகாரம் ஒன்றை என் கையில் கட்டினாள். தினம் எட்டாயிரம் அடி. அவள் போனில் தெரிந்துவிடும்.

"ஒரு நாள் கொறஞ்சாலும் சிதம்பரத்துக்கு அழைச்சிகிட்டுப் போயிடுவேன்ப்பா."

அவள் வீட்டில் காலையில் கம்பங்கூழ், இரவில் கம்பு தோசை. கடலூரில் என் வீட்டுக்கு எதிரிலேயே பூரிக்கடை. யோசித்துத்தான் முடிவெடுத்தேன்.

என் மனைவியின் தம்பி தேவநாதன் அடுத்த தெருவில் இருந்தான். அவன் மகள் இளவரசிக்கு வரன் அமையாத கவலை அவனுக்கு. நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம், திருவந்திபுரத்துக்கு தினமும் நடந்தே போய், அங்கே கோயில் மலையேறி வந்தால் கல்யாணம் கூடும் என்றேன். நடுவில் தடங்கல் வந்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும். "சாமி கணக்கு பிசகக் கூடாது மச்சான்" என்று கடிகாரத்தை அவன் கையில் கட்டிவிட்டேன். போக வர எட்டாயிரத்துக்குக் குறையாது.

அவனுக்கு இருதயம் பலவீனம். படி ஏறக் கூடாது என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். பயந்த சுபாவம், நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். பக்குவமான நேரம் வாய்க்கவில்லை.

நாற்பத்தைந்தாம் நாள் எனக்குக் கவலை வந்தது. மண்டலம் முடிந்துவிட்டால் யார் நடப்பது? சிதம்பரத்தில் அவன் பங்காளி ஒருவர் இருபது நாள் முன்பே தவறிவிட்டதாகச் சொன்னேன்.

"அப்ப தீட்டோட மலையேறிட்டனா மாமா?"

"தெரியாமதானே ஏறின. தலைக்குக் குளிச்சிட்டு ஒண்ணுலேர்ந்து ஆரம்பி."

ஆரம்பித்தான். இப்படி ஐந்து முறை ஐந்து பங்காளிகளைச் சாகடித்தேன். அவர்கள் பிறக்கவே இல்லை என்பதால் வலித்திருக்காது. விரதம் முடியட்டும் என்று நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த நல்ல வரனைக்கூட மச்சான் திருப்பி அனுப்பினான்.

ஒரு நாள் சத்யப்பிரியா பேசினாள். "நாடித்துடிப்பு ரொம்ப ஜாஸ்தியா காட்டுதுப்பா. மெதுவா நடங்க."

"வயசாகுதும்மா" என்றேன். மச்சானிடமும் மெதுவாகப் போகச் சொன்னேன். என்னைப் பழிப்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆறாம் சுற்றில், நாற்பத்தாறாம் நாள், மலைப்படியில் விழுந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைப் பார்த்ததும் கேட்டான்: "இன்னிக்கு மேல ஏறி முடிக்கல மாமா. கணக்கு போச்சா?"

கடிகாரம் நாலாயிரத்துச் சொச்சம் காட்டியது. கழற்றி என் கையில் கட்டிக்கொண்டு வெளியே வந்து, நடைவழியில் மிச்சத்தை நடந்தேன். எட்டாயிரம் முடித்துத் திரும்பியபோது இளவரசி சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். கடைசியில் அவன் என்னைத்தான் தேடினானாம்.

துக்கத்துக்கு வந்த சத்யப்பிரியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா போன அன்னிக்குக்கூட நீங்க நடக்கறத விடலையேப்பா." அன்று குனிந்த தலை. இன்னும் இளவரசியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. அந்த ஐந்து சாவுகளையும் மச்சான் லேசில் நம்பிவிடவில்லை. ஒவ்வொரு தடவையும், தேவநாதசுவாமி அறியச் சொல்கிறேன், ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று நான் சத்தியம் செய்த பிறகுதான் நம்பினான்.